ஊறுகாய் ஜாடியில் ஒரு சுஸ்த் மீன்

கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளே, ஜங்லிகாட்டின் தகரக் கூரைகளுக்குக் கீழே என்னோடு வளர்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் தண்ணீர் வரும் நாளில் குழாய் முதலில் காற்றை விட்டு ஒரு சீறு சீறுமே, அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் குடத்தைத் தேடுகிற கை யாருக்கு இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் இது முழுதாகப் புரியும்.

போன மாதம் சென்னையிலிருந்து என் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு கண்ணாடிக் கிண்ணம், அடியில் நீலக் கூழாங்கற்கள். அவற்றின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு ஃபைட்டர் மீன், துடுப்புகளை மடக்கிக்கொண்டு கிடந்தது. “அம்மா, வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. ஏன் இப்படி அசையாம கிடக்கான்? நெட்ல பாத்தா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க” என்று குரல் பதிவிலும் கேட்டிருந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் மகள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. மழை நின்று போய், வெயில் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்த மாதங்கள். டேமில் தண்ணீர் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வரும் நாட்களும் தள்ளித் தள்ளிப் போயின. வீட்டுக்குப் பின்னால் இரண்டு டிரம்கள் வாயில் துணி கட்டி நிற்கும். குளிப்பதற்கு ஆளுக்கு அரை வாளி. காலைக் கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகும். அந்த நாட்களில் தெருவில் யாரும் யாரையும் “சாப்டாச்சா?” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. “பானி ஆயா?”, தண்ணீர் வந்ததா, என்றுதான் கேட்டுக்கொண்டார்கள், தமிழர்களும் சேர்த்து.

எங்கள் சித்தப்பாவுக்கு மெட்ராஸ் கப்பலில், சமையல் கட்டில் வேலை. கப்பல் வந்தால் சித்தப்பா வருவார், சித்தப்பா வந்தால் மெயின்லேண்ட் வரும். பச்சை மிளகாய் வரும், மல்லிகைப்பூ ஈரத்துணியில் பாதி கறுத்துப்போய் வரும். அந்தத் தடவை வந்தது ஒரு ஊறுகாய் ஜாடி. அகலமான வாய், தடித்த கண்ணாடி, பக்கவாட்டில் மாங்காய்ப் படம் புடைப்பாக வார்த்தது. அதற்குள் என் சுண்டுவிரல் நீளத்தில் கருநீலமாக ஒரு மீன். வால் மட்டும் அதைவிடப் பெரிது.

“ஏட்டி, இது உனக்கு. ஃபைட்டர்! இன்னொரு மீனப் பாத்தாம்னா கொன்னுருவான். இந்த ஊர்ல யாரு வீட்லயும் கெடையாது” என்றார் சித்தப்பா.

அதுவரை எனக்கு மட்டுமென்று எந்தப் பொருளும் வீட்டில் இருந்ததில்லை. பாவாடைகூட அத்தை மகள்கள் போட்டுக் கழித்ததுதான் கப்பலேறி வரும். ஜாடியை ஜன்னல் கட்டையில் வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் மீனுக்குப் பின்னால் விரிகுடாவும் மீன்பிடிப் படகுகளும் தெரியும்.

சித்தப்பா சும்மா இருப்பாரா? அப்பா சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்து ஜாடிக்கு முன்னால் நீட்டினார். மீன் தன்னையே பார்த்ததும் செவுளை விரித்து, வாலை விசிறி, கண்ணாடிச் சுவரில் மோதியது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியை நாங்கள் எல்லோரும் பௌதி என்போம். அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பா கப்பலேறிப் போன பிறகும் தினமும் சாயங்காலம் யாராவது வந்து, “ஃபைட்டிங் காட்டு” என்பார்கள். கண்ணாடி நீளும், மீன் மோதும். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சோற்றுப் பருக்கை, முட்டை மஞ்சள்கரு, பௌதி வீட்டுப் பொரி எல்லாம் ஜாடிக்குள் விழுந்தன.

கொஞ்ச நாளில் மீன் மோதுவதை நிறுத்தியது. பிறகு நீந்துவதையும் நிறுத்தியது. நீலம் வெளுத்து, சலவைக்குப் போட்ட பள்ளிச் சீருடை நிறத்துக்கு வந்தது. துடுப்புகளை மடக்கிக்கொண்டு ஜாடியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது.

மீன் ஒரேயடியாகத் துவண்டுவிட்டதென்று பௌதிதான் அம்மாவிடம் அந்த வார்த்தையை முதலில் சொன்னார். “அரே தீதி, ஏ மச்லி தோ ஏக்தம் சுஸ்த் ஹோ கயா!”

சுஸ்த். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சோம்பேறி, மந்தம், உற்சாகமில்லாதவன், எல்லாம் சேர்த்துப் பிசைந்த வார்த்தை. இந்தத் தீவில் தமிழர், தெலுங்கர், மலையாளி, வங்காளி என்று யார் வீட்டுப் பிள்ளையானாலும் சுறுசுறுப்புக் கொஞ்சம் குறைந்தால் இந்த வார்த்தை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது ஏற்கெனவே ஒட்டியிருந்தது. பள்ளியில் விளையாட்டு டீச்சர் விசில் ஊதினால் எல்லாரும் ஓடிய பிறகுதான் நான் எழுந்திருப்பேன். கேள்வி கேட்டால் யோசித்துவிட்டுப் பதில் சொல்வேன், அதற்குள் டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பார். வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அம்மா கூப்பிடுவது என் காதில் ஏறாது.

இப்படி உட்காருவது எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் சிக்னல் வேலை. குன்றின் மேலே சின்ன அறை, ஒரு பைனாகுலர், ஒரு நாற்காலி. கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கப்பல் தெரிந்தால் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், “சும்மா கடலப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கா சர்க்கார் சம்பளம் குடுக்கான்?” என்று கேலி செய்வார்கள். அப்பா சிரித்துவிட்டு, காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, “டியூட்டிக்கு நேரமாச்சு” என்பார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்போது கோயில் பெயரைச் சொல்வது போல இருக்கும்.

அடுத்த கப்பலில் வந்த சித்தப்பா ஜாடியைப் பார்த்து முகம் சுருங்கிப்போனார். ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனிதர்.

“மைனி, இது என்ன இப்பிடிக் கெடக்கு? இவன் ஜாடியவே ஒடச்சிருவாம்னு கடைக்காரன் சொன்னானே!”

“நான் என்ன கொறையா வச்சேன் தம்பி? தண்ணி வர்ற அன்னைக்கு மொதக் கொடம் அவனுக்குத்தான். பழசப் பூராக் கொட்டிட்டு, ஜாடியத் தேச்சுக் கழுவிப் புதுத் தண்ணி ஊத்துதேன். சாமிக்கு வைக்கதுகூட அப்புறந்தான்” என்றாள் அம்மா. அது உண்மைதான். நாங்கள் அரை வாளியில் குளித்த நாட்களில் அந்த மீன் ஒரு ஜாடி முழுக்கப் புதுத் தண்ணீரில் இருந்தது. எங்கள் வீட்டில் வேறு எதற்கும் அந்த ராஜ மரியாதை கிடைத்ததில்லை.

பௌதி வாசலில் நின்றபடி, என்னையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். “லட்கி பீ சுஸ்த், மச்லி பீ சுஸ்த்!”

பெண்ணும் சுஸ்த், மீனும் சுஸ்த் என்றது வேடிக்கைப் பேச்சுத்தான். ஆனால் சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, வெளையாட்டில்ல. இவள அக்கா வீட்டுல விடு. தூத்துக்குடியில அக்கா மக்க நாலு பேரு கெடந்து ஆடுதுக. அதுகளோட ஓடியாடுனா இவளும் சரியாயிருவா. அடுத்த ட்ரிப்பு நானே கூட்டிட்டுப் போறேன். டிக்கெட்டுக்குச் சொல்லி வைக்கேன். இந்த மீனையும் அன்னைக்கே நாலாவுல விட்டுட்டு, வேற நல்லவனாக் கொண்டாரேன்.”

நாலா என்பது வீட்டுக்குப் பின்னால் கறுப்பாக ஓடிய சாக்கடை. அப்பா காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டினார். பிறகு, “பாப்பம்” என்றார். எங்கள் வீட்டில் அப்பா பாப்பம் என்றால் பாதி முடிந்த மாதிரி. அம்மா என் பாவாடைகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆக, கப்பல் மறுபடி வரும்போது மீன் நாலாவுக்கு, நான் தூத்துக்குடிக்கு. அத்தை நல்லவள்தான். ஆனால் எனக்கு இந்த ஜன்னலை விட்டுப் போக முடியாது. யாரிடம் சொல்ல? சொன்னாலும் யோசித்துச் சொல்வதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பள்ளிக்குப் போகும் நேரமும் தூங்கும் நேரமும் போக, உட்கார்ந்தே இருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது இதுதான். தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் மீன் கொஞ்சம் தேறியிருக்கும். மேலே வந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு, ஒரு சுற்றாவது சுற்றும். மறுநாள் குழாய் சீறும், அம்மா புதுத் தண்ணீர் ஊற்றுவாள், மீன் விழுந்துவிடும். செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அடுத்த முறையும் அப்படியே நடந்தது.

அன்றைக்குப் புதுத் தண்ணீரில் முகம் கழுவியபோது என் கண் எரிந்தது. ப்ளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. டேமில் தண்ணீர் குறையக் குறைய அந்த வாசனை கூடிக்கொண்டே வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும், அந்தத் தண்ணீரில் போட்ட டீயை நாம் முகம் சுளிக்காமல் குடித்தோமே. ஆனால் மறுநாள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் கழுவினால் கண் எரியவில்லை. நான் இமையை மூடிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். மீனுக்கு இமை கிடையாது.

பெரிய தேக்சா ஒன்றில் தண்ணீர் பிடித்து, ஜன்னலுக்குக் கீழே திறந்து வைத்தேன். ஒரு பகல் ஓர் இரவு போனதும் முகர்ந்து பார்த்தேன், வாசனை போயிருந்தது. ஜாடியிலிருந்து ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன்.

அம்மா பார்த்துவிட்டாள். “ஏட்டி, பழைய தண்ணியவா ஊத்துத? நம்ம வீட்டு மீனுக்கா?” கேட்ட தோரணையில், நான் விருந்தாளிக்கு நேற்றைய சாம்பாரை ஊற்றியது போல இருந்தது.

“ஒரு தடவம்மா. ஒரே ஒரு தடவ.”

பிறகு சவரக் கண்ணாடி. அதை அரிசி டின்னுக்குள், அரிசிக்கு அடியில் புதைத்தேன். சாயங்காலம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அப்பா தடவித் தடவிச் சவரம் செய்து, தாடையில் காயத்தோடு டியூட்டிக்குப் போனார். அரிசி அளந்து போட்ட அம்மாவின் கையில் அந்தக் கண்ணாடி நிச்சயம் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனத்துக்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்று நானே தாயான பிறகுதான் தெரிந்தது.

சோறும் பொரியும் போட வந்த கைகளை ஜாடியின் வாயில் உள்ளங்கையை வைத்துத் தடுத்தேன். பௌதி கொஞ்சம் கோபித்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் கவிழ்க்காமல் விட்ட தேங்காய்ச் சிரட்டைகளில் கொசுப்புழு நெளியும், அதில் நாலைந்தை மட்டும் எடுத்துப் போட்டேன். முதல் நாள் மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு நாள் ஒன்றைக் கவ்வியது. பிறகு நான் பள்ளி விட்டு வந்து படியில் கால் வைத்ததுமே மேலே வந்து நின்றது. நீலம் திரும்பியது. முதலில் தலையில், அப்புறம் துடுப்பு ஓரத்தில், கடைசியில் அந்தப் பெரிய வாலில்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கப்பல் வரும் வாரத்தில் மீன் மறுபடியும் அசையாமல் நின்றது.

ஆனால் இது வேறு. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததற்காக அந்தச் சின்னப் பெண்ணை இன்றைக்கும் நான் மெச்சுகிறேன். முன்பு கிடந்தது அடியில், வெளுத்துப்போய், துடுப்பு மடங்கி. இப்போது நின்றது மேலே, ஒரு மூலையில். நிறம் மையைக் கொட்டியது போலக் கறுத்திருந்தது, துடுப்பெல்லாம் விரிந்திருந்தது. அதன் தலைக்கு நேர் மேலே தண்ணீரில் வெள்ளையாக ஒரு நுரைத் திட்டு. மீன் மேலே போய் ஒரு வாய்க் காற்றை எடுக்கும், அதைச் சின்னக் குமிழாக்கித் திட்டில் ஒட்டும், கீழே இறங்கி நிற்கும். ஒரு குமிழ் உடைந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று போகும். அது முட்டைகளுக்காக ஆண் மீன் கட்டுகிற வீடு. பெண் மீன் கிடையாது, முட்டை கிடையாது, வரப்போவதும் இல்லை. இருந்தும் வீட்டைக் கட்டி, அதன் கீழே காவல் நின்றது.

கப்பல் வந்த நாளும் தண்ணீர் வந்த நாளும் ஒன்றாகவே அமைந்தன. குழாய் சீறியது. அம்மா குடத்தோடு ஜன்னலுக்கு வந்தாள்.

“பாத்தியா? நொரை தள்ளிட்டு. தண்ணி கெட்டுப்போச்சு. எல்லாம் உன் பழைய தண்ணியாலதான். தா இங்க.”

நான் ஜாடியை மார்போடு கட்டிக்கொண்டேன். “தொடாதீங்க. தரமாட்டேன்.”

அம்மாவிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யோசிக்காமல் உடனே சொன்ன பதிலும் அதுதான். அம்மா குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். அந்த நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் ஈரத்துணி சுற்றிய பாட்டில். துணியை விலக்கினார். உள்ளே ரத்தச் சிவப்பில் ஒரு புது ஃபைட்டர், இவனைவிடப் பெரியவன். வாக்குக் கொடுத்தால் மீறாத மனிதர், என்ன செய்வது. சட்டைப் பையிலிருந்து என்னுடைய டிக்கெட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இன்னும் அப்பிடியேதான் நிக்கானா? அசையவே காணமே. சரி, அண்ணே, இத நாலாவுல ஊத்திட்டு வந்துருதேன்” என்று என் ஜாடியை நோக்கிக் கையை நீட்டினார். அப்பா அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“அவன் சும்மா இல்ல சித்தப்பா. அந்தப் பாட்டில இங்கன வைங்க” என்றேன்.

சித்தப்பா சிரித்துக்கொண்டே பாட்டிலை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

என் மீன் திரும்பியது. அடுத்த கணம் செவுள் இரண்டும் விரிந்தன, வால் ஜாடி முழுக்கப் பரந்தது. கண்ணாடியில் அது மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பாட்டிலுக்குள் அந்தப் பெரிய சிவப்பு மீன் பின்வாங்கி, அடியில் போய் ஒட்டிக்கொண்டது. சித்தப்பா, “அடி சக்கைன்னானாம்!” என்று கத்திவிட்டார். பௌதி ஓடிவந்தார்.

என் மீன் அதற்கு மேல் சண்டை போடவில்லை. நேராக மேலே போனது. மோதின அதிர்ச்சியில் நுரையின் ஓரம் உடைந்திருந்தது. ஒரு வாய்க் காற்று, ஒரு குமிழ். இன்னொரு வாய், இன்னொரு குமிழ். ஓரம் சரியானதும் அதன் கீழே வந்து, கையைக் கட்டி நிற்கிற ஆள் மாதிரி அசையாமல் நின்றது.

அப்பா குனிந்து பார்த்தார். கடலைப் பார்க்கிற கண்ணால் அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“லேய், இவன் சுஸ்து இல்லல. டியூட்டியில நிக்கான்” என்றார்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். “அப்ப, இவ டிக்கெட்டு?”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். என் தலைமுடியில் கைவைத்து, சொல்லைத் தேடுகிறவர் போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். என்னைப் போலத்தானே அவரும்.

“எத்தன நாளா ஒக்காந்து பாத்திருக்கா பாரு. நாம ஒருத்தர்கூடப் பாக்கல. எம் மவளும் டியூட்டியிலதாம்ல இருந்திருக்கா. டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துரு.”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அரிசி டின்னிலிருந்து சவரக் கண்ணாடியை எடுத்து, அப்பாவிடம் கொடுத்தாள்.

சிவப்பு மீனைப் பௌதிக்குக் கொடுத்தோம். ஒருநாள் வைத்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், பொரி போடக் கூடாது என்று நான் சொன்னதற்கெல்லாம் அவர், “ஜீ டாக்டர் சாப்” என்று சல்யூட் அடித்தார். ஆனால் சொன்னபடியே செய்தார். என் மீன் அடுத்த மழைக்காலத்தையும் பார்த்துவிட்டு, வயதாகித்தான் போனது. மாங்காய்ப் படம் போட்ட ஜாடி, சிப்பிகாட்டில் வீடு கட்டிக் குடிபோனபோது எங்கோ காணாமல் போயிற்று. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பின்னாளில் நானும் துறைமுகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ரேடியோ அறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், “மேடம் சும்மாதானே உக்காந்திருக்காங்க” என்று யாரிடமோ சொன்னாராம். அந்த மழைக்காலத்திலேயே ஒரு நாள், பாம்பூஃப்ளாட்டுக்கு அப்பால் இன்ஜின் நின்றுபோன ஒரு படகிலிருந்து பாதி வார்த்தை மட்டும் இரைச்சலுக்குள் வந்தது. நான்தான் கேட்டேன். படகிலிருந்த எல்லாரும் கரை சேர்ந்தார்கள். அதிகாரி அதற்குப் பிறகு என் நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார்.

மகளுக்கு அன்றே போன் செய்தேன். “நுரை ஏதாவது இருக்கா பாரு” என்றேன்.

“இல்லம்மா. சுத்தமா இருக்கு. தினமும் மொத்தத் தண்ணியும் கொட்டிட்டு ஃபில்டர் தண்ணி மாத்துறேன். ஹால்ல ஏசிக்குக் கீழதான் வச்சிருக்கேன், ஜில்லுன்னு இருக்கட்டும்னு.”

என் அம்மாவைக் கேட்பது போலவே இருந்தது. சிரித்துவிட்டேன். “ஏட்டி, வெதுவெதுப்பான தண்ணிக்காரன் அவன், குளிர்ல வெறச்சுப்போய்க் கெடக்கான். கிண்ணத்த ஏசியிலருந்து தள்ளி வை. கொஞ்சம் பெரிய தொட்டியா வாங்கு. குழாய்த் தண்ணிய ஒருநாள் வச்சிருந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்து. அப்புறம் சும்மா உக்காந்து பாரு.”

நேற்றுக் காலை ஒரு போட்டோ வந்தது. கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு, அதற்குக் கீழே துடுப்பை விரித்தபடி சிவப்பாக அவன். கீழே மகள் எழுதியிருந்தாள்:

“அம்மா, டியூட்டியில ஜாயின் பண்ணிட்டான்.”